பீரோவில் பூட்டிய கையுறை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. குளத்துப் பக்கமிருந்து தூறலும் புழுதியும் சேர்ந்து அடிக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நின்று படிக்க முடியவில்லை, பக்கம் தானாகப் புரள்கிறது. 5.40க்குக் கம்பெனி பஸ். டிரைவர் பழனிசாமி அண்ணன் தினமும் சொல்வதுதான்: "ஏறுங்க கண்ணு, பரீச்சை ஓடியா போயிரும்?" ஓடாது. இன்னும் இருபத்தாறு நாள்.

செய்ய வேண்டியவை:
— ஆறாம் அத்தியாயம், கால அட்டவணை. இன்றே முடிக்க.
— செருப்பு வார் தைக்க.
— மஞ்சள் டி-ஷர்ட் ஆர்டர். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததா?
— அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.
— ஜி.எம்.மிடம் பரீச்சை விஷயம் சொல்ல. நல்ல மூடில் இருந்தால்.

சோம்பல் வரும்போது பார்க்க எழுதி வைக்கிறேன். திட்ட மேலாண்மைச் சான்றிதழ் கிடைத்தால் பெங்களூர். அங்கே ஒரு கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண், சான்றிதழோடு வந்தால் செப்டம்பரில் சேரலாம் என்றாள். சாமளாபுரத்துத் தறிச் சத்தமும் வேண்டாம், பெருமாநல்லூர் ரோட்டுப் பனியன் கம்பெனியும் வேண்டாம். அங்கே யாரும் ஹேங்கரை எறிய மாட்டார்கள். மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்று ஜி.எம். ஹேங்கரை எறிந்தார். பேக்கிங் சூப்பர்வைசருக்குக் காதோரம் கிழிந்தது. "கம்பி பட்டதுதானுங்க, ஒண்ணுமில்லீங்க" என்று அடி வாங்கியவர் அடித்தவரைச் சமாதானம் செய்தார். 'ங்க' போட்டு அடிப்பார்கள், 'ங்க' போட்டு வாங்கிக்கொள்வார்கள். எங்கள் ஊர் மரியாதை.

பீகார்காரர்களுக்கு அந்த 'ங்க'வும் கிடையாது. கட்டிங் இன்சார்ஜ் துரைசாமி இன்று அவர்களில் ஒருவரை, நரைத்த தலை, என் அப்பா வயது இருக்கும், இரண்டு ஷேடு துணியைக் கலந்துவிட்டார் என்று அறைந்தார். ஒரே அறை. ஹால் முழுக்கக் கேட்டது. அந்த மனிதர் குனிந்து, கீழே விழுந்த சாக்பீஸைத் தேடி எடுத்து டேபிளில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். என் புத்தகத்தில் குழுவை ஊக்கப்படுத்துவது எப்படி என்று நாற்பது பக்கம் இருக்கிறது. துரைசாமி வாயில் அந்த நாற்பது பக்கத்தையும் திணித்து அடைக்க வேண்டும் போல இருந்தது. போய் டீ குடித்தேன்.

செருப்பு தைக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

துணி வந்தது. நான்கு நாள் தாமதம். வெளிர் மஞ்சள், குழந்தை டி-ஷர்ட், நெஞ்சில் வாத்து. கப்பல் தேதி மாறாது. ஜி.எம். காலையிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

ஆர்டருக்கு அட்டவணை போடுவது என் வேலை, பஸ்ஸில் படித்தது அப்படியே கைகொடுத்தது. அட்டவணையைச் சுருக்க இரண்டு வழி. ஒன்று, ஆளையும் மெஷினையும் கூட்டுவது. இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது. பனியன் துணியை ரோலிலிருந்து பிரித்தால் ஒரு நாள் சும்மா போட வேண்டும், இழுபட்டது சுருங்கித் தன் அளவுக்கு வரும், அப்புறம்தான் வெட்டு. அந்த ஒரு நாளை உடைத்தேன். ஒரு பங்கு ஆறும்போது இன்னொரு பங்கை டேபிளில் விரிக்கலாம். கூடவே லே உயரம், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும் துணி அடுக்கின் உயரம். எண்பது அடுக்கு விரித்து வெட்டுவதை நூற்று நாற்பது ஆக்கினால் ஒன்றரை நாள் மிச்சம்.

மெயில் போட்டேன். ஜி.எம். பதில் நான்கே நிமிடத்தில்: ஓ.கே. கோ. அப்புறம் நேரிலும்: "படிக்கிறது வீண் போவுல கண்ணு." மூன்று வருடத்தில் முதல் பாராட்டு. வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

கட்டிங் ஹாலுக்குப் போய்ச் சொன்னேன். முருகையா அண்ணன் மட்டும் முகம் சுளித்தார். சங்கரன்கோவில் பக்கத்து ஆள், பத்து வருடமாக இந்த டேபிளில் மெஷின் பிடிப்பவர். "தங்கச்சி, நூத்தி நாப்பதுன்னா பிளேடு கார்டு துணியில தட்டும்லா. உள்ள போவாது."

துரைசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தட்டுனாக் கழட்டிட்டு வெட்டு. அதுக்கும் மேடத்துகிட்டப் பாடம் கேப்பியா?"

கார்டு என்பது பிளேடுக்கு முன்னால் விரல் போகாமல் மறிக்கும் தடுப்பு, அந்த விஷயம் துரைசாமி பொறுப்பு. நான் நேரக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மதியம் கேன்டீனில் வீட்டுப்பாடம்: ஏதாவது ஒரு திட்டத்துக்கு ரிஸ்க் பட்டியல் எழுதுக. எதற்குக் கற்பனை, நம் ஆர்டரையே எழுதினேன். மழை, கரண்ட், சாயம் மாறுதல். நான்காவது வரி: கார்டு இல்லாமல் வெட்டுதல். நடக்க வாய்ப்பு: அதிகம். பாதிப்பு: மிக அதிகம். நடவடிக்கை: ஸ்டீல் கையுறை. பொறுப்பாளர் என்ற கட்டம் காலி.

முருகையா அண்ணன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"கையுறையா? ஜி.எம். ரூம் கண்ணாடி பீரோவுல இருக்கே, அதையா சொல்லுதிய? அது சாமி நகைலா. திருநாளுக்குத்தான் வெளிய வரும்."

திருநாள் என்றால் பையர் ஆடிட், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சோதிக்க வரும் நாள். நாங்கள் எல்லோரும் ஷூ போட்டுச் சிரிக்கும் நாள்.

"அன்னைக்குப் போட்டுப் பாத்திருக்கீங்களாண்ணா?"

"எங்க போட்டாவ? டேபிள் மேல வச்சிருப்பாவ. வெள்ளைக்காரன் பாப்பான், தலைய ஆட்டுவான், பீரோவுக்குப் போயிரும்." சோற்றைப் பிசைந்தபடி, "அந்தக் காலிக் கட்டத்துல எம்பேரப் போட்ராதிய" என்றார்.

சிரித்தேன். ஆறாம் அத்தியாயம் முடிந்தது.

ஜூன் 11, புதன்

மாதிரித் தேர்வு: 71. போன வாரம் 63. ஒப்பந்தம் பகுதியில் இன்னும் உளறல்.

வயிற்று வலி. மாத்திரை இரண்டு.

மெயில். என் பரீச்சை விண்ணப்பத்தைத் தணிக்கைக்கு எடுத்திருக்கிறார்களாம். குலுக்கலில் விழுந்த பெயர். மூன்று வருடம் வேலை பார்த்தேன் என்று நான் எழுதியது உண்மை என மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். 20ஆம் தேதிக்குள். இல்லையென்றால் பரீச்சை இல்லை, மறுபடி விண்ணப்பிக்க அடுத்த வருடம். அதற்குள் பெங்களூர்க்காரி வேறு யாரையாவது எடுத்திருப்பாள்.

ஜி.எம். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் கண்ணு, எங்களை உட்டுட்டுப் போறதுக்கு நாங்களே கையெழுத்துப் போடோணுமா?" உதட்டில் மட்டும் சிரிப்பு. "மஞ்சள் கப்பலேறட்டும். போட்டுத் தாறேன்."

கப்பல் 18. சமாளிக்கலாம்.

கட்டிங் ஹால் வழியாகப் போனபோது டேபிள் ஓரம் கார்டு கிடந்தது. அதன் மேல் யாரோ டீ டம்ளரை வைத்திருந்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

காலை 11.20. டீ பிரேக் முடிந்து பத்து நிமிடம். எத்தனை லே முடிந்தது என்று கேட்கப் போனேன். டேபிளுக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். துணியில் ஓடும்போது பிளேடுக்கு ஒரு சத்தம் உண்டு. அது மாறியது. அவ்வளவுதான். முருகையா அண்ணன் கத்தவில்லை. "எம்மா" என்றார், பக்கத்து அறையில் இருக்கும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

இடது கை. ஆட்காட்டி, நடு, மோதிர விரல். துணியை அழுத்திப் பிடிக்கும் கை.

அவர் விட்ட பிறகும் மெஷின் ஓடிக்கொண்டே டேபிளில் ஊர்ந்தது. எல்லோரும் சிலையாக நின்றோம். பிளக்கைப் பிடுங்கியது பீகார்காரர். திங்கட்கிழமை அறை வாங்கியவர்.

ரத்தம் மேலே அதிகம் பரவவில்லை. பனியன் துணி குடித்துவிட்டது. அடுக்கடுக்காகக் கீழே இறங்கியது.

இரண்டு விரல் டேபிள் மேலேயே கிடந்தது. மூன்றாவதைக் காணவில்லை. நான்தான் தேடினேன். துணியை ஒவ்வோர் அடுக்காகப் புரட்டினேன், கணக்கு நோட்டு புரட்டுவது போல. வெட்டுப்பட்ட கழுத்து வளைவுக்குள் இருந்தது. இன்னும் சூடு. பேக்கிங்கிலிருந்து பாலிதீன் பை கொண்டுவந்தார்கள், அதில் போட்டேன், ஜூஸ் கடை ஐஸ் வைத்துக் கட்டினேன். பை மேல் அச்சு: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். ஏழு மொழியில். தமிழ் இல்லை.

வேன் கிளம்பியது. கையுறை பீரோவில். சாவி ஜி.எம்.மிடம். ஜி.எம். பையரை அழைக்க விமான நிலையத்தில்.

துரைசாமி சொன்ன முதல் வார்த்தை: "கறை எத்தனை பிளை எறங்கியிருக்குதுன்னு பாருங்க மேடம்."

பார்த்தேன். இருபத்து மூன்று அடுக்கு. எண்ணினேன். கறைபட்டதை உருவிப் போட்டுவிட்டு மாற்றுத் துணி எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். கால்குலேட்டரில் போட்டுச் சொன்னேன். சரியாகவே போட்டேன். 12.05க்கு அதே டேபிளில் வேறு ஆள், அதே மெஷின், அதே நூற்று நாற்பது. கார்டு இல்லாமல்.

அப்புறம்தான் பாத்ரூமுக்குப் போனேன். என் நகக் கண்ணில் மஞ்சள் பஞ்சும் ரத்தமும். சோப்புத் தீரும்வரை கழுவினேன்.

என்னை யாராவது அறைந்திருக்கலாம். ஒருவரும் அறையவில்லை. "மேடம் பயந்துட்டாங்க, சோடா வாங்கிட்டு வாங்கப்பா" என்றார்கள்.

ஜூன் 13, வெள்ளி

விரல்கள் ஒட்டவில்லையாம். பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். இறங்கும்வரை புத்தகத்தைத் திறக்கவில்லை.

காலை 8.30. பின்பக்கம் கை கழுவும் தொட்டி. துரைசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். பீரோவில் இருந்த ஸ்டீல் கையுறை. சிமெண்டில் தேய்ப்பார், மெஷின் ஆயிலைத் தொடுவார், துணிப் பஞ்சில் புரட்டுவார், மறுபடி தேய்ப்பார். சைஸ் லேபிளைப் பல்லால் கடித்துத் துப்பினார். என்னைப் பார்த்துக் கூச்சப்படவே இல்லை.

"புதுசுன்னு தெரியக்கூடாதில்லீங்க."

ஒரே நாளில் பத்து வருடம் உழைத்த கையுறை. அவர் பின்னந்தலை குனிந்து இருந்தது. தொட்டி மேல் துவைக்கும் கட்டை இருந்தது. நான் எதைப் பார்த்தேன், என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

10.00, ஜி.எம். ரூம். உட்காரச் சொன்னார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"உனக்குத்தான் நல்லா எழுத வருமே கண்ணு. விபத்து அறிக்கை ஒண்ணு எழுதோணும். கையுறை குடுத்தோம். வேர்க்குதுன்னு அந்தாளு கழட்டி வெச்சுட்டான். கார்டையும் அவனாவே கழட்டிட்டான். திங்கக்கெழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. நீயே அவருகிட்டப் படிச்சுக் காட்டீரு. அன்னிக்கே உன்ற படிவத்துல கையெழுத்து."

மேசையில் கிடந்த என் படிவத்தைப் பார்த்தேன்.

"லே உசரத்த ஏத்தச் சொல்லி மெயில் போட்டது யாரு? உன்னையக் காப்பாத்தத்தான் சொல்றேன் கண்ணு."

சொன்னது அவ்வளவும் சன்னக் குரலில். ஹேங்கரை எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கவனக்குறைவு என்று எழுதினால் முருகையா அண்ணனுக்கு இனி எந்தக் கம்பெனியிலும் டேபிள் கிடையாது. பத்து விரல் இருந்தாலும் கிடையாது, ஏழு விரல் இருந்தாலும் கிடையாது. எழுதாவிட்டால் எனக்கு இன்னும் எத்தனையோ வருடம் இதே கேன்டீன்.

ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் பழக்கம். எந்த வேலை கொடுத்தாலும் நான் சொல்லும் நேரம் அதுதான். தரவில்லை.

ஜூன் 14, சனி

வேலைக்கு அரை நாள் விடுப்பு. ஆஸ்பத்திரி.

எலும்பு வார்டு. பினாயில், சாம்பார், மூத்திரம். முருகையா அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தார். இடது கை தலையணை மேல், பெரிய வெள்ளை உருண்டையாக. வலது கையால் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மண்வெட்டி போல அகலமான கை, இரண்டு கை செய்த வேலையை ஒன்றே செய்கிறது.

"படிப்பு எப்படிப் போவுது தங்கச்சி?"

இதைக் கேட்கத்தான் நான் வந்தேனா?

துரைசாமி நேற்று மாலையே ஒரு ரிஜிஸ்டரோடு வந்து போயிருக்கிறார். கையுறை வாங்கிக்கொண்டதற்குப் போன வருடத்திலிருந்து மாதா மாதம் கையெழுத்து. நீலப் பேனாவில் ஒன்று, கறுப்பில் ஒன்று, மாற்றி மாற்றிப் போடச் சொன்னாராம்.

"போட்டுட்டீங்களாண்ணா?"

"போட்டேன். வாட்ச்மேன் வேல தாரேன்னு சொல்லுதாவ. கையெழுத்துதான கேட்டாவ, இன்னொரு கையவா கேட்டாவ?" சிரித்தார். மருந்து மயக்கம். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார்.

அவர் மனைவி பேச்சியம்மா ஃபிளாஸ்க்கோடு வந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு இருக்கும். "கம்பெனியில இருந்து வந்த மேடமா? உக்காருங்க, காப்பி ஊத்துதேன்" என்றாள். ஊற்றினாள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வர முடியவில்லை. அவளை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். துணி அடுக்கை உயர்த்தச் சொன்னது நான். கார்டைக் கழற்று என்று துரைசாமி சொன்னபோது பக்கத்தில் நின்றதும் நான். பரீச்சைக்குப் படித்ததை ஆர்டரில் போட்டுப் பார்த்தேன்.

அவள் ஃபிளாஸ்க்கைத் தரையில் பத்திரமாக வைத்தாள். அப்புறம் அடித்தாள். கன்னத்தில் இரண்டு. மூன்றாவது காதில். முடியைப் பிடித்து என் தலையைச் சுவரோடு சேர்த்து ஒரு தடவை. "பரீச்சையா? எம்புருசன் கை ஒனக்குப் பரீச்சப் பேப்பரா?" நர்ஸ் வந்து பிரித்தார். நான் கையைத் தூக்கவில்லை. இதைத்தான் வியாழக்கிழமையிலிருந்து எதிர்பார்த்தேன் போல, வலிக்கும்போது மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அடி வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற புத்தி.

பஸ்ஸில் வரும்போது காதுக்குள் விசில். அம்மாவிடம் கதவு இடித்தது என்றேன். மருந்தை மறந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். இடது காது இன்னும் மந்தம்.

காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து அறிக்கை எழுதிப் பார்த்தேன். முதல் பிரதி ஜி.எம். கேட்டபடி. பதினைந்து நிமிடம். நன்றாக வந்திருந்தது, அதுதான் கொடுமை. இரண்டாவது, யார் பெயரும் இல்லாமல்: 'எதிர்பாராத விதமாக', 'துரதிர்ஷ்டவசமாக'. அதைப் படித்ததும் முதலாவதே தேவலை போலிருந்தது. இரண்டையும் அடுப்பில் போட்டேன்.

மாதிரித் தேர்வு, கேள்வி 112: குழு உறுப்பினர் ஒருவர் காயமடைந்தார், திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான்கு விடை. இருபத்து மூன்று பிளை எண்ணுவது அதில் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். தறி ஓட்டி ஓட்டிப் பாதி காது போனவர், கத்தித்தான் சொல்ல வேண்டும். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எழுதிக் குடுத்துட்டுப் போயிரு கண்ணு. நீயா அறுத்தே? மொதலாளிய எதுத்துகிட்டு நாம என்னத்தப் பண்றது."

அப்பாவும் கண்ணு என்கிறார். ஜி.எம்.மும் கண்ணு என்கிறார். இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர், உடையவில்லை. உருண்டு அப்பா காலடிக்கே போய் நின்றது. அவர் குனிந்து எடுத்தபோது, சாக்பீஸ் தேடிய பீகார்காரர் மாதிரியே இருந்தார். எறிந்தவள் நான்.

மதியம் போன். தெரியாத நம்பர். பேச்சியம்மா.

"எம்மா, காது கேக்குதா?"

"கேக்குதுங்க."

"அந்த நூத்தி நாப்பதுன்னு நீ எழுதுன தாளு இருக்கா?"

"மெயில்ல இருக்கு."

"எடுத்து வச்சிக்க. அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் போடல. வாட்ச்மேன் வேல தாராவளாம். கேட்டுக்கு வெளிய நிக்கதுக்கு மூணு வெரல் குடுக்கணுமா? செவ்வாக்கெழமை பத்து மணிக்கு இ.எஸ்.ஐ. ஆபீசுல நஷ்டஈட்டுக்கு நடந்தத எழுதிக் குடுக்கணும். எனக்கு எழுத வராது. நீ வந்து எழுது. வராம இருந்தியன்னா, வீடு தேடி வந்து அடிப்பேன்."

வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்றெல்லாம் இல்லை. ஆள் தேவை, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ஜூன் 16, திங்கள்

7.15க்கு ஆபீஸ். பிரிண்டர் பக்கத்தில் யாரும் இல்லை. என் மெயில், ஜி.எம். பதில், இரண்டு இரண்டு பிரதி. ரிஸ்க் பட்டியல் பக்கத்தையும் ஜெராக்ஸ். எல்லாவற்றையும் பரீச்சைப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

11.00. இன்ஸ்பெக்டர். களைத்த மனிதர், சட்டைக் காலரில் வியர்வைக் கோடு. இளநீர் குடித்தார். மேசை மேல் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே என் படிவம். பச்சை மையில் ஜி.எம். கையெழுத்து. எனக்குத் தெரியும்படிதான் வைத்திருந்தார்.

துரைசாமி ரிஜிஸ்டரைக் கொடுத்தார். நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு. "நல்லா மெயின்டெயின் பண்றீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். கையுறை மேசைக்கு வந்தது. பத்து வருட அழுக்கோடு.

"படி கண்ணு" என்றார் ஜி.எம்., அறிக்கை என் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று நினைத்து.

எழுந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. கையுறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் அதன் சைஸ் கண்ணில் பட்டது. எடுத்து என் கையில் மாட்டினேன். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. சட்டை சைஸ் பார்த்தே பிழைக்கும் ஊரில் இத்தனை பேர் இதைப் பார்க்கவில்லை. யாரும் ஒரு நாளும் போட்டதில்லை, அதனால் தெரியவில்லை.

"இது எனக்குத்தானுங்க சரியா இருக்கு. முருகையா அண்ணன் கை இதுக்குள்ள நுழையாது. துரைசாமி அண்ணன் போட்டுக் காட்டட்டுங்க."

கையுறையைக் கழற்றித் துரைசாமி முன்னால் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் இளநீரைக் கீழே வைத்தார். "போடுங்களேன் பார்ப்போம்."

துரைசாமி போட்டார். விரல் முட்டி வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. முகம் சிவக்க அமுக்கினார். அப்புறம் கழற்ற வரவில்லை. வலிந்து இழுத்ததில் முட்டித் தோல் உரிந்து, கையுறையில் முதல் தடவையாக நிஜ ரத்தம்.

தாள்களை எடுத்து வைத்தேன்.

"லே உயரத்த ஏத்தச் சொன்னது நானுங்க. ஓ.கே. சொன்னது இவரு. கார்டைக் கழட்டச் சொன்னது அவரு. மூணு பேரும் இந்த ரூம்லதான் இருக்கோம்."

இன்ஸ்பெக்டர் தாள்களை இரண்டு தடவை படித்தார். என் பெயர், அப்பா பெயர், ஊர் எழுதிக்கொண்டார். கையுறையையும் ரிஜிஸ்டரையும் கவரில் போட்டுக்கொண்டார். என்ன செய்வார் என்று சொல்லவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஜீப் கிளம்பியது.

படிக்கட்டில் துரைசாமி மறித்தார். புறங்கையால் வாயில் அடித்தார். உதடு பல்லில் கிழிந்தது. "உன்னையுந்தான்டி சேர்த்து உள்ள வெப்பாங்க" என்றார். இருக்கலாம். கையில் இருந்தது பரீச்சைப் புத்தகம். ஆயிரத்துச் சொச்சம் பக்கம், கெட்டி அட்டை. இரண்டு கையாலும் ஓங்கி மூக்கில் அடித்தேன். உட்கார்ந்துவிட்டார். இன்னொன்றும் அடித்தேன். அது தேவையில்லை, தெரியும். அடித்தேன். கட்டிங் ஹால் வாசலில் எல்லோரும் நின்றார்கள். பீகார்காரரும். ஒருவரும் அருகில் வரவில்லை, எனக்காகவும் வரவில்லை, அவருக்காகவும் வரவில்லை.

ஜி.எம். என் படிவத்தை நான்காகக் கிழித்து, நான்கையும் அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"போயிட்டு வாங்க மேடம்."

கண்ணு போய் மேடம். வாங்கிக்கொண்டேன். "வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டேன். பழக்கம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. உதடு வீங்கிப் பேச்சு வரவில்லை. புத்தக அட்டை மூலை மடங்கிவிட்டது.

வேலை போனது தெரிந்தும் 5.30க்கே ஸ்டாப்பில் நிற்கிறேன். வேறு பஸ் ஆறரைக்குத்தான். 5.40க்குக் கம்பெனி பஸ் வந்தது. வேகம் குறைந்தது. பழனிசாமி அண்ணன் என்னைப் பார்த்தார், அப்புறம் நேரே ரோட்டைப் பார்த்தார், கியர் மாற்றினார். ஜன்னலில் வரிசையாக முகங்கள். சேறு முழங்கால் வரை.

20க்கு மூன்று நாள். கையெழுத்துப் போட யாரும் இல்லை. பெங்களூருக்குச் சொல்ல வேண்டும்.

இ.எஸ்.ஐ. ஆபீஸ் பத்து மணி. இரண்டு பேனா எடுத்துக்கொண்டேன், இரண்டும் நீலம். பேச்சியம்மா கேட்டில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் எழுத வேண்டும், இருபத்து மூன்று பிளை எண்ணியதையும். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அடித்தால் வலது பக்கம் அடிக்கச் சொல்ல வேண்டும், இடது காது இன்னும்... ஆறரை பஸ் வந்துவிட்டது.